மன்னித்தோம், ஆனாலும் பிள்ளையை அனுப்பலாமா?

வாரத் தியானம்
வேதபகுதி: ஆதியாகமம் 33:1–17

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



கழுகுமலையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வீடு சந்திக்கச் செல்லும்போது, சில கேள்விகள் வாசற்படியில் விடைபெறும் நேரத்தில்தான் வரும். உள்ளே அமர்ந்து வேதம் வாசித்து ஜெபித்து முடியும்வரை ஒன்றும் பேசாதவர்கள், நான் செருப்பை மாட்டும்போது மெல்லிய குரலில் கேட்பார்கள். அப்படி ஒரு கேள்வியை இந்தச் சில ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்டுவிட்டேன். "ஜெயிலுக்குப் போன மனுஷன் வெளியே வந்துவிட்டார். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறார். வேதம் மன்னிக்கச் சொல்கிறதே, ஐயா. நாங்கள் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டுமா?"

எந்த வீடு என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் தாய்மாரும், திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன மகளின் பிள்ளைகளை வளர்க்கும் ஆச்சிமாரும் நம் சேகரங்களில் எத்தனையோ பேர். இது ஒரு வீட்டின் கேள்வி அல்ல, சபையின் கேள்வி. ஆகவே சபைக்குப் பொதுவாகவே பதில் எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பது ஆண்டவருடைய கட்டளை. பிள்ளையை அனுப்புவது கட்டளை அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்றைச் செய்தால் மற்றதையும் செய்தே தீர வேண்டும் என்று போதிப்பது தவறான உபதேசம். அந்தத் தவறான உபதேசத்தை ஒருகாலத்தில் நானே செய்தேன். அதையும் இன்று மறைக்காமல் எழுதப் போகிறேன்.

யாக்கோபு ஏன் ஏசாவோடு புறப்படவில்லை?

வேதபகுதியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தன் தம்பியைக் கொன்றுபோடுவேன் என்று ஏசா ஒருகாலத்தில் மனதில் தீர்மானித்திருந்தான். அதை ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். இருபது ஆண்டுகள் கழிந்தபின் அதே ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான். யாக்கோபு பயப்படுகிறான். ஆனால் நடந்தது வேறு. ஏசா ஓடி வந்து தழுவிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஒப்புரவாகுதல் அங்கே உண்மையாகவே நடந்தது.

நாம் பிரசங்கங்களில் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை. "வா, சேர்ந்து போவோம்" என்ற பொருளில் ஏசா அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறான். என்ன காரணம் சொல்கிறான்? பிள்ளைகள் இளசுகள், மந்தையில் பால் கொடுக்கிறவை உண்டு, ஒருநாள் வேகமாய் ஓட்டினாலும் தாங்காது, நான் அவர்களுடைய நடைக்கு ஏற்றபடி மெதுவாய் வருகிறேன் என்கிறான். என் ஆட்களில் சிலரையாவது உன்னோடு விட்டுப்போகிறேன் என்று ஏசா சொல்லும்போது, அதையும் யாக்கோபு பணிவாகத் தவிர்க்கிறான். அன்றைக்கே ஏசா சேயீருக்குத் திரும்புகிறான். யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் அங்கே வீடு கட்டுகிறான்.

இந்தப் பகுதியை அளவுக்கு மீறி இழுக்க நான் விரும்பவில்லை. இந்த வரலாற்றில் ஏமாற்றினவன் யாக்கோபே. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும்போதுகூட தனக்குப் பிரியமான யோசேப்பைக் கடைசியில் வைத்து மற்றவர்களை முன்னே நிறுத்தினான். அந்தப் பாரபட்சத்தின் பலனைப் பின்னாளில் அந்தக் குடும்பமே அநுபவித்தது. ஆகையால் யாக்கோபு எல்லாவற்றிலும் நமக்கு முன்மாதிரி அல்ல. ஆனால் ஒரு காரியத்தை அவன் சரியாக அறிந்திருந்தான். தழுவிக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும். பிள்ளைகளோடு வழிநடப்பதற்கு அது போதாது. பெரியவர்களுடைய கண்ணீர் பயணத்தின் வேகத்தைத் தீர்மானிக்கக் கூடாது. பிள்ளைகளுடைய கால்களே தீர்மானிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். சகோதரர்களுக்குள் உறவு அத்தோடு அறுந்துபோகவில்லை. ஈசாக்கு மரித்தபோது இருவரும் சேர்ந்து வந்து அடக்கம்பண்ணினார்கள். தூரமாய் வாழ்வதும் சமாதானமாய் இருப்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல.

தாவீதையும் பாருங்கள். 1 சாமுவேல் 24-இல் சவுல் சத்தமிட்டு அழுகிறான். தன் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான். தாவீது அவனுக்கு ஆணையிட்டுக் கொடுக்கிறான். பின்பு சவுல் தன் வீட்டுக்குப் போனான். தாவீதோ தன் மனுஷரோடு அரணான இடத்துக்கு ஏறிப்போனான். தாவீது மன்னிக்கவில்லையா? மன்னித்தான். ஆனால் அரண்மனைக்குத் திரும்பவில்லை. 26-ஆம் அதிகாரத்தில் அதே சவுல் மூவாயிரம் பேரோடு மறுபடியும் தேடி வருகிறான். கண்ணீர் உண்மையாயிருந்தாலும் சுபாவம் மாறாதிருக்கக் கூடும் என்பதை வேதம் நமக்கு மறைக்கவில்லை.

நம் ஆண்டவர் குழந்தையாயிருந்தபோது அவரை வளர்க்கும் பொறுப்பு யோசேப்பிடம் இருந்தது. ஏரோது இறந்தான், திரும்பிப் போகலாம் என்று தேவதூதன் சொன்ன பின்பும், யூதேயாவில் அர்கெலாயு அரசாளுகிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போக யோசேப்பு பயந்தான் என்று மத்தேயு எழுதுகிறார். அந்தப் பயத்தைத் தேவன் அவிசுவாசம் என்று கண்டிக்கவில்லை. சொப்பனத்தில் வேறு வழியைக் காட்டினார். பிள்ளைக்காகப் பயப்படுகிற தாயை, ஆச்சியை, "விசுவாசம் குறைந்தவர்கள்" என்று சொல்லும் நாவுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இனி என் அறிக்கை. இதே கரிசல் காட்டில், ஆனால் வேறொரு சேகரத்தில், நான் இளம் குருவானவராய் ஊழியம் செய்த காலம். மனைவியைக் கொடூரமாய் அடித்த குற்றத்திற்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஒருவர் விடுதலையாகி வந்தார். மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து ஆராதனைக்கு வந்தார். நான்காம் ஞாயிறு சபைக்கு முன்பாக எழுந்து சாட்சி சொன்னார், தேம்பி அழுதார். சபையாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆராதனை முடிந்ததும் அவர் என் கைகளைப் பிடித்து, "என் மகளை ஒரு தடவை காட்டுங்க ஐயா" என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. தாய் அடிபட்ட இரவில் அதே அறையில் இருந்த பிள்ளை.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் தாய் ஒன்றும் பேசவில்லை. ஆச்சிதான் பேசினார்கள். "ஐயா, அவன் அழுததை நீங்க இன்னைக்குத்தான் பாத்தீக. நாங்க பத்து வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கோம். அடிச்ச மறுநாளு எப்பவும் அழுவான்."

இதைவிடத் தெளிவான எச்சரிப்பை யார் சொல்ல முடியும்? நான் அதைக் கேட்கவில்லை. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஏழெழுபதுதரம் மன்னிப்பதைப் பற்றி அந்த முதியவளுக்கு உபதேசித்தேன். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் குறித்து எந்திரக்கல்லைச் சொல்லி ஆண்டவர் எச்சரித்திருப்பது என் கண்ணில் படவில்லை. ஆச்சி தலைகுனிந்து, "ஐயா சொன்னா சரிதான்" என்றார்கள். அந்தச் சம்மதத்தை நான் மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டேன். அது என் அங்கிக்குக் கொடுக்கப்பட்ட மரியாதை மட்டுமே.

குருமனைத் திண்ணையில் சந்திப்பு ஏற்பாடாயிற்று. பிள்ளை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய பிஸ்கட் பொட்டலத்தை வாங்கவில்லை. "அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்று நான் இரண்டு முறை சொன்னபின் சொன்னாள். காயம் ஆறத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். மூன்றாவது சந்திப்பின்போது, கிறிஸ்துமசுக்குப் புதுத்துணி எடுக்கக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போகிறேன், மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்று அவர் கேட்டார். வீட்டார் தயங்கினார்கள். "நான் பொறுப்பு" என்று சொன்னவன் நானே.

மாலை வந்தது, பிள்ளை வரவில்லை. இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் நாள் வேறொரு மாவட்டத்தில் உறவினர் வீடொன்றில் காவல் துறையினர் பிள்ளையைக் கண்டுபிடித்து அழைத்து வந்தனர். ஜீவனாம்ச வழக்கைத் திரும்பப் பெற்றால்தான் பிள்ளையை விடுவேன் என்று அவர் தொலைபேசியில் பேசியிருந்தார். பிள்ளையின் உடலில் காயம் எதுவும் இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதன்பின் அவள் விளக்கு அணைத்தால் தூங்கவில்லை. ஓய்வுநாள் பள்ளிக்கு வரவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் வரவில்லை. ஆச்சி என்னை ஏசவில்லை. ஒரே ஒரு முறை, "பொறுப்புன்னு சொன்னீகளே ஐயா" என்றார்கள். அவ்வளவுதான்.

இன்று அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். வழியில் கண்டால் எனக்கு ஸ்தோத்திரம் சொல்கிறாள். ஆனால் ஆலயத்திற்குள் வருவதில்லை. அவளை நான் கேட்டதும் இல்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? ஒரு பிள்ளைக்குத் தேவனுடைய வீடு பயமுள்ள இடமாய்ப் போனதற்கு அந்தத் தகப்பன் மட்டும் காரணம் அல்ல.

நீதிமன்றங்கள் அறிந்ததும் சபை மறந்ததும்

இறையியல் கல்லூரியில் மன்னிப்பைக் குறித்து எவ்வளவோ படித்தேன். ஆனால் இந்தக் காரியத்தில் நம் நாட்டுச் சட்டம் என்னைவிட ஞானமாய் நடந்திருக்கிறது என்பதைப் பிற்பாடே அறிந்தேன்.

1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டம் கிறிஸ்தவர்களாகிய நமக்கும் பொருந்தும். பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கையில் பிள்ளையின் நலனையே நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றும், கேட்பவருடைய நடத்தையையும் தகுதியையும் கவனிக்க வேண்டும் என்றும், விவரம் அறிந்த வயதாயிருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்றும் அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாவலராயிருக்கத் தகுதியற்றவர் என்று காட்டும் குற்றத்திற்காக ஒருவர் தண்டிக்கப்பட்டால் அவரை அப்பொறுப்பிலிருந்து நீக்கவும் 39-ஆம் பிரிவில் இடம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. எதிர்த்தரப்பினர் பிள்ளையைச் சந்திப்பது பிள்ளைக்குத் தீங்காய் முடியும் என்று நடுவர் கருதினால், அந்தச் சந்திப்பை அனுமதிக்கவே கூடாது என்கிறது.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். மேற்கு வங்காளத்திலிருந்து வந்த வழக்கு அது. 2004-இல் தாய் இறந்தாள். அவள் மரணம் தொடர்பான குற்றவழக்கில் கணவர் கைதானார். சிறு மகனைத் தாயைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். ஜாமீனில் வந்த தகப்பன் பிள்ளையைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தகப்பனுக்கே சாதகமாய்த் தீர்ப்பளித்தன. தகப்பனே இயற்கையான பாதுகாவலர் என்பது அவற்றின் கருத்து. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒருவருடைய நடத்தையைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது நிலுவையில் உள்ள அந்தக் குற்றவழக்கை எப்படிப் பாராமல் விடலாம் என்று கேட்டது. நீதிபதிகள் அந்தச் சிறுவனை அழைத்துப் பேசினார்கள். தகப்பனிடம் போக அவன் மறுத்தான். பிள்ளை தாத்தா பாட்டியிடமே இருந்தான். குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே இத்தனை எச்சரிக்கை என்றால், நிரூபிக்கப்பட்டுத் தண்டனையும் முடிந்த இடத்தில் சபை எவ்வளவு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்!

நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் ஒரு சிறுவனை அழைத்து, "நீ என்ன விரும்புகிறாய்?" என்று கேட்டார்கள். நான் அந்த எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்கவே இல்லை. ஸ்தோத்திரம் சொல்லத்தான் சொன்னேன்.

வெளிநாடுகளிலும் இந்தப் பாடத்தை எளிதாய்க் கற்கவில்லை. இங்கிலாந்தில் 2014 அக்டோபரில், நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பு நேரத்தில் ஒரு தகப்பன் தன் இரு மகன்களும் உள்ளே இருக்கையில் வீட்டுக்குத் தீ வைத்தான். பன்னிரண்டும் ஒன்பதும் வயதான அந்தப் பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களுடைய தாய் முன்னமே எச்சரித்திருந்தாள். பெற்றோர் இருவரும் பிள்ளையின் வாழ்வில் இருப்பது எப்போதும் நல்லதே என்று முன்கூட்டியே கருதிக்கொள்ளும் விதியை மாற்ற வேண்டும் என்று அந்தத் தாய் ஆண்டுக்கணக்காய்ப் போராடினாள். அந்த விதியை நீக்கப்போவதாக அந்நாட்டு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. நம்முடைய ஊர்ப் பேச்சிலும் அதே விதி எழுதப்படாமல் இருக்கிறது. "என்ன இருந்தாலும் அப்பன் அப்பன்தானே" என்று அதைச் சொல்கிறோம்.

எல்லாக் குற்றமும் ஒன்றல்ல

இதை வாசித்துவிட்டு, சிறைக்குப் போன ஒவ்வொருவரையும் பிள்ளைகளுக்கு ஆபத்தானவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரப்புத் தகராறில் கைகலப்பாகித் தண்டனை பெற்றவர் உண்டு. கடன் காசோலை திரும்பியதால் சிறைக்குப் போனவர் உண்டு. இப்படிப்பட்ட ஒருவர் தம் பிள்ளையைப் பாராமலே காலம் தள்ளுவது பிள்ளைக்கும் நஷ்டம். பெற்றோர் இருவரோடும் தொடர்பிலிருப்பது பிள்ளையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறது; இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. ஆனால் அதே பகுதியில், பிள்ளையின் நலனுக்கு அது விரோதமாய் இராத பட்சத்தில் என்ற நிபந்தனையும் இருக்கிறது. உரிமை பிள்ளையினுடையது என்பதைக் கவனியுங்கள். தகப்பன் வந்து வாங்கிக்கொண்டு போகும் சொத்து அல்ல அது.

ஆகவே கேட்க வேண்டியவை இவையே. குற்றம் யாருக்கு விரோதமாய்ச் செய்யப்பட்டது? பிள்ளைக்கோ, பிள்ளையின் தாய்க்கோ விரோதமாகவா? பிள்ளை அதைக் கண்ணால் கண்டதா? ஒருமுறை நடந்ததா, பழக்கமாய் இருந்ததா? குடி நின்றுவிட்டதா? "நான் செய்தேன்" என்கிறாரா, "என்னைச் செய்ய வைத்தாள்" என்கிறாரா? எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளை என்ன சொல்கிறது? பிள்ளைக்கு விரோதமாகப் பாலியல் குற்றம் செய்தவரானால், இந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. சபை அங்கே சமாதானம் பேசக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, அப்படிப்பட்ட குற்றம் நடந்ததையோ நடக்கக்கூடும் என்பதையோ அறிந்த எவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அங்கி தரித்தவனுக்கு அதில் விலக்கு இல்லை.

சிலருக்குச் சொல்ல வேண்டியவை

பிள்ளையை வளர்க்கிற தாய்மாரே, ஆச்சிமாரே, தாத்தாமாரே: உங்கள் பயத்திற்காக வெட்கப்படாதிருங்கள். ஆனால் தனியாகத் தீர்மானித்து ஓடி ஒளியாதிருங்கள். நீதிமன்றம் சந்திப்புக்கு நாள் குறித்திருந்தால் அதை நீங்களாக மீற வேண்டாம். ஆபத்து என்று கண்டால் அதே நீதிமன்றத்தில் போய் மாற்றம் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 1098. பெண்களுக்கு 181. வந்த மிரட்டல், அழைப்பு, செய்தி ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுத்தில் கொடுங்கள். இன்னொன்று: தகப்பனைக் குறித்துப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள், வயதுக்கேற்ற அளவில், விஷத்தை ஊற்றாதீர்கள். "நீ அப்படியே உங்க அப்பன் மாதிரி" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் வேண்டாம். நடந்தது எதுவும் பிள்ளையின் குற்றம் அல்ல என்று அடிக்கடி சொல்லுங்கள்.

தண்டனை முடிந்து திரும்பி வந்திருக்கிற சகோதரனே, சகோதரியே: இந்த ஆலயத்தில் உனக்கு இடம் உண்டு. சிறையிலிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்ற பொருளில் பேசின ஆண்டவருடைய சபை இது. நீ லூக்கா 15-ஐ உன் பக்கம் சேர்த்து வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் முழுவதும் வாசி. அந்த இளைய குமாரன் உரிமை கேட்டு வரவில்லை. மகன் என்று அழைக்கப்படத் தகுதியில்லை, வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று சொல்ல வந்தான். சகேயு மனந்திரும்பின அன்றைக்கே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசினான். எவருடைய வீட்டுக் கதவையும் போய்த் தட்டவில்லை. நீ மெய்யாகவே மாறியிருந்தால், காத்திருக்க உன்னால் முடியும். ஜீவனாம்சத்தை மாதந்தோறும் தவறாமல் செலுத்து. அது சந்திப்புக்கு விலை அல்ல. சந்திப்பு கிடைக்கவில்லை என்று அதை நிறுத்தவும் கூடாது. நீதிமன்றத்தின் மூலமாய்க் கேள். கண்காணிப்போடுதான் சந்திக்கலாம் என்றால் அதை அவமானமாய் எண்ணாதே. பிள்ளை வேண்டாம் என்றால், அந்த வேண்டாமை ஏற்றுக்கொள்வதே தகப்பனாக நீ செய்யும் முதல் நற்செயலாய் இருக்கக்கூடும்.

சபையாராகிய நமக்கு: சாட்சி கேட்டு அழுதுவிட்டு, அடுத்த நாளே தூது போகாதிருப்போம். சேகரக் குழுவோ, ஊர்ப் பெரியவர்களோ, நானோ இந்தக் காரியத்தில் பஞ்சாயத்து பேசித் தீர்க்க வேண்டாம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அசனப் பண்டிகை நாட்களில் "பண்டிகைக்காவது" என்று தாயை நெருக்க வேண்டாம். "அப்பன் இல்லாத பிள்ளை" என்ற பேச்சை நம் தெருக்களிலிருந்து எடுத்துப்போடுவோம். நம் ஓய்வுநாள் பள்ளியில் இந்த மாதம் முதல் ஒரு ஒழுங்கு வருகிறது. ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்துச் செல்லத்தக்கவர் யார் என்று வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு எவரோடும், அவர் பெற்றவரேயாயினும், ஆசிரியர்கள் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். யாருக்காவது வருத்தம் வந்தால் என்னிடம் வாருங்கள். இனி குருமனைத் திண்ணையில் எந்தப் பிள்ளையின் சந்திப்பையும் நான் நடத்தப்போவதில்லை. அதற்கென்று நீதிமன்றம் குறிக்கும் இடமும் ஆட்களும் உண்டு.

பிரியமானவர்களே, நம் கரிசல் நிலம் சித்திரை வெயிலில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். ஒரு கோடை மழை பெய்தால் மேல்மண் கரைந்து வெடிப்பை மூடினதுபோல் காணப்படும். உள்ளே பள்ளம் அப்படியே இருக்கும். அன்றைக்கே எந்தச் சம்சாரியும் விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போவதில்லை. மண் நன்றாய் நனைந்து பதம் வரும்வரை காத்திருப்பான். மழையை நம்பாததனால் அல்ல; மண்ணை அறிந்திருப்பதனால். மனந்திரும்புதலின் கண்ணீரை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதற்காகத் தேவனைத் துதிப்போம். ஆனால் பிள்ளையின் மனதை அறிந்து காத்திருப்போம். சில நிலங்களில் அந்த வருஷம் பதம் வராமலே போகும். அப்போதும் சம்சாரி மண்ணின்மேல் கோபப்படுவதில்லை.

ஜெபம்

சிறுபிள்ளைகளை அணைத்துக்கொண்ட எங்கள் ஆண்டவரே, மன்னிப்பின் பேரால் நாங்கள் ஆபத்திற்குள் அனுப்பின பிள்ளைகளுக்காக எங்களுக்கு இரங்கும். பயந்து உறங்காத பிள்ளைகளின் அருகில் இரும். அவர்களைக் காக்கிற கைகளைப் பலப்படுத்தும். தண்டனை முடித்துத் திரும்பினவர்களுக்குப் பொறுமையுள்ள மனந்திரும்புதலைத் தாரும். "நான் பொறுப்பு" என்று சொல்லுமுன் யோசிக்கிற ஞானத்தை உமது ஊழியக்காரருக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் குருவானவர்